ஜோராசாங்கோ: ஒரு கூட்டுக்குடும்ப வீடு அருங்காட்சியகம் ஆனபோது

வடக்குக் கொல்கத்தாவின் பழைய சித்பூர் சாலைக்கு இன்றைய பெயர் ரவீந்திர சரணி. கைவண்டிகளும் சுமைக்கூலிகளும் நிறைந்த நெரிசலான கடைவீதி. அதிலிருந்து பிரியும் துவாரகாநாத் தாகூர் சந்தில் 6ஆம் எண் வீடு இருக்கிறது. சிவப்புச் சுவர், பச்சைப் பலகைச் சன்னல்கள், உள்ளே அகலமான முற்றம். ரவீந்திரநாத் தாகூர் பிறந்ததும் இறந்ததும் இங்கேதான். இப்போது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கவிஞரின் அறையைப் பார்க்க வருகிறார்கள். அருங்காட்சியகமும் அவர்களை அப்படியே நடத்துகிறது. மாடிக்குப் போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும், அறைகளுக்குள் படம் எடுக்கக் கூடாது, அவருடைய பாட்டுகள் மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருக்கும். கோயிலுக்குள் நடப்பதைப் போலத்தான் எல்லோரும் நடக்கிறார்கள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பிறப்பதற்கு 77 ஆண்டுகள் முன்பே இந்த வீடு எழும்பிவிட்டது. பங்காளிச் சண்டையில் தொடங்கி, வணிகப் பணத்தில் பெருத்து, மதப் பிரச்சினையில் இரண்டாகப் பிரிந்து, கடைசியில் பாதி இடிக்கப்பட்ட வீடு. அந்தக் கதை சுவர்களில் இருக்கிறது, முற்றத்தில் இருக்கிறது. அறிவிப்புப் பலகைகளில்தான் குறைவு. அதனால் இதை ஒரு கவிஞரின் நினைவிடமாக மட்டும் பார்க்காமல், ஒரு குடும்பம் கட்டிய வீடாகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்த ஆய்வு.

பங்காளிச் சண்டையிலிருந்து பிறந்த வீடு

தாகூர் குடும்பம் முதலில் பாதுரியாகாட்டாவில் இருந்தது. அண்ணன் தம்பிகளான நீல்மணிக்கும் தர்ப்பநாராயணுக்கும் சொத்துத் தகராறு வந்தது. நீல்மணி குலதெய்வத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளியேறினார். ஜோராசாங்கோவில் கிடைத்த நிலத்தில் 1784இல் வீடு எழும்பியது. பங்காளிகளின் மாளிகைகள் இன்னும் பாதுரியாகாட்டாவில் நிற்கின்றன, நடந்தே போய்விடலாம்.

வீட்டைப் பெரிய வீடாக்கியவர் ரவீந்திரநாத்தின் தாத்தா துவாரகாநாத் (1794–1846). ஆங்கிலேய அரசின் சுங்கம், உப்பு, அபினி வாரியத்தில் திவானாக இருந்தவர். 1829இல் யூனியன் வங்கி தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1834இல் கார், தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். அவுரி, பட்டு, ராணிகஞ்ச் நிலக்கரி, கப்பல்கள் என்று வியாபாரம் பரந்தது. சீனாவுக்கு அபினி ஏற்றிப்போன கப்பல்களிலும் அவருக்குப் பங்கு இருந்தது. பேரன் பின்னாளில் சீனாவுக்குப் போய் அன்பைப் பற்றிப் பேசியதை ஒரு காட்சிக்கூடம் விரிவாகச் சொல்கிறது. தாத்தாவின் சீன வியாபாரத்தையும் அதே கூடத்தில் ஒரு ஓரத்தில் சொல்லியிருக்கலாம்.

1823இல் துவாரகாநாத் பக்கத்திலேயே இன்னொரு பெரிய கட்டடம் கட்டினார். ஐரோப்பியர்களுக்கு விருந்து வைக்க, வியாபாரம் பேச. பைட்டக்கானா வீடு என்று அதைச் சொன்னார்கள். அவருடைய மனைவி திகம்பரி தேவி ஆசாரமானவர். கணவர் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து மாமிசமும் மதுவும் எடுத்துக்கொள்வதை அறிந்ததும் பண்டிதர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். கணவருக்குச் செய்ய வேண்டிய பணிவிடை செய்யலாம், சேர்ந்து வாழ வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதன்பின் அவரோடு பேச நேர்ந்த ஒவ்வொரு முறையும் குளித்துவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தாராம். துவாரகாநாத் பைட்டக்கானா வீட்டிலேயே தங்கிவிட்டார். இந்தியாவின் முன்னோடித் தொழிலதிபர் ஒருவரைத் தன் உள்வீட்டுக்கு வெளியே நிறுத்திவைத்த பெண்மணி! அவருடைய கதைக்கே தனியாக ஒரு அறை கொடுக்கலாம்.

சாமி போன மண்டபம்

முற்றத்தின் ஒரு பக்கம் வளைவுகளோடு உயர்ந்த மேடை மண்டபம் ஒன்று இருக்கிறது. வங்காளத்தின் பழைய பணக்கார வீடுகளில் துர்கா பூஜைக்கென்றே கட்டுவது இது. இங்கே அந்த மண்டபம் இருக்கிறது, சாமி இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் குடும்ப வரலாற்றின் மையமே இருக்கிறது.

துவாரகாநாத் 1846 ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டனில் இறந்தார். மூத்த மகன் தேவேந்திரநாத் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்திருந்தார். உருவ வழிபாடு கூடாது என்பது அவர் கொள்கை. தந்தையின் சிராத்தத்தையே சாளக்கிராமம் இல்லாமல், உபநிடத வழியில் செய்தார். உறவுக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். வியாபாரமும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நொடித்தது. துவாரகாநாத் உயிரோடு இருக்கும்போதே ஜமீன் நிலங்களை அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பாதுகாத்திருந்தார். கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. ஆனாலும் தேவேந்திரநாத் அதையும் சேர்த்தே முன்வைத்து, பல ஆண்டுகள் சிக்கனமாக இருந்து கடனை அடைத்தார்.

வீட்டுக்குள் இருந்த சிக்கல் வேறு. குலதெய்வமான லட்சுமி ஜனார்த்தனரை என்ன செய்வது? தேவேந்திரநாத்தின் தம்பி கிரீந்திரநாத் இறந்தபின், அவர் மனைவி யோகமாயா சாமியை விட மறுத்தார். சாமியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பைட்டக்கானா வீட்டுக்குக் குடிபோனார். அன்றிலிருந்து 5ஆம் எண் வீடு இந்துக் குடும்பம், 6ஆம் எண் வீடு பிரம்மக் குடும்பம். இரண்டுக்கும் இடையே பேச்சும் போக்குவரத்தும் இருந்தது, பூஜை மட்டும் தனித்தனி. நீல்மணி எடுத்துக்கொண்டு வந்த சாமி, மூன்று தலைமுறை கழித்து இன்னொரு பாகப்பிரிவினையில் இப்படி வாசல் மாறியது.

6ஆம் எண் வீட்டு மண்டபத்தில் பிரம்ம சமாஜ வழிபாடும், மாக மாத விழாவும், அப்புறம் பாட்டும் நாடகமும் நடந்தன. ரவீந்திரநாத்தின் இசைநாடகமான வால்மீகி பிரதிபா 1881இல் இந்த வீட்டில்தான் முதலில் மேடையேறியது. 19 வயது ரவீந்திரநாத் வால்மீகியாக நடித்தார். அண்ணன் மகள் பிரதிபா சரஸ்வதியாக நடித்தார். நல்ல குடும்பத்துப் பெண் வெளியாட்கள் முன்னால் நடிப்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. பார்க்க வந்தவர்களில் நாவலாசிரியர் பங்கிம் சந்திரரும் இருந்தார். முற்றத்தில் நின்று அந்த மண்டபத்தைப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாவிட்டால், அது வெறும் அழகான வளைவு வரிசை. படம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

வெளிக்கட்டும் உள்கட்டும்

இந்த வீட்டில் பார்க்க வேண்டிய முதல் பொருள் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. வீட்டின் அமைப்புதான் அது. ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் வெளிக்கட்டு, பெண்களுக்கு உள்கட்டு. நடுவே வேலைக்காரர்களின் உலகம்.

ஒரு விஷயம் தெரிந்தால் வீடு ஏன் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பது விளங்கும். தாகூர்கள் பீராலி பிராமணர்கள். முன்னோர் முஸ்லிம்களோடு பழகியதால் ஜாதி கெட்டவர்கள் என்று மற்ற பிராமணர்கள் இவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். எவ்வளவு பணம் இருந்தும் இதுதான் நிலை. பெண் எடுத்தது பெரும்பாலும் ஜெஸ்ஸோர், குல்னா பக்கத்து ஏழைக் குடும்பங்களில். பெண்ணைக் கட்டியவர்கள் தங்கள் சொந்தபந்தத்தில் ஒதுக்கப்பட்டதால் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார்கள். தேவேந்திரநாத்துக்கும் சாரதா தேவிக்கும் 14ஆவது பிள்ளை ரவீந்திரநாத். மகன்கள், மருமகள்கள், மகள்கள், மாப்பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. இணைப்பு வராந்தாக்களும் திடீரென்று முளைக்கும் படிக்கட்டுகளும் திட்டம் போட்டுக் கட்டியவையாகத் தெரியவில்லை. குடும்பம் பெருகப் பெருகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

உள்கட்டின் கெடுபிடி எப்படி இருந்தது? பெண்கள் கங்கையில் குளிக்க விரும்பினால், மூடிய பல்லக்கில் கொண்டுபோய்ப் பல்லக்கோடு தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். இரண்டாவது மகன் சத்யேந்திரநாத் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். 1864இல் மனைவி ஞானதாநந்தினியைத் தன்னோடு பம்பாய்க்கு அழைத்துப் போக விரும்பினார். தந்தை சம்மதித்தார். ஆனால் வீட்டு வாசலில் வண்டி ஏற முடியாது. வெளிக்கட்டு முற்றத்தில் மருமகள் நடந்து போவதை நினைத்துப் பார்க்கவே முடியாத காலம். மூடிய பல்லக்கில் கப்பல் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது அவர் வாசலில் வண்டியிலிருந்து தானே இறங்கி நடந்து உள்ளே வந்தார். வீட்டில் இழவு விழுந்ததுபோல் அழுதார்களாம். பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து அவர் பழகிக்கொண்டு வந்த புடவைக்கட்டு, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்தது, பிரம்ம சமாஜப் பெண்களிடம் பரவி, இன்றைய புடவைக்கட்டுக்கு முன்னோடியாயிற்று.

வெளிமுற்றத்தை நான் பார்க்கும்போது ரவீந்திரநாத்தைவிட ஞானதாநந்தினிதான் முதலில் நினைவுக்கு வருகிறார். வாசலிலிருந்து உள்ளே போகிற அந்தச் சில கஜ தூரத்தை அருங்காட்சியகம் ஒரு பலகை வைத்துச் சுட்டிக்காட்டினால், மாடியில் இருக்கும் பல புகைப்படங்களைவிட அது அதிகம் பேசும்.

சிறுவன் ரவி வளர்ந்தது வேலைக்காரர்களின் ஆட்சியில். சியாம் என்ற வேலைக்காரர் அவரை உட்காரவைத்துச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். தாண்டினால் சீதைக்கு நடந்ததுதான் நடக்கும் என்று மிரட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ராமாயணம் கேட்டு வளர்ந்த பிள்ளை, தாண்டவில்லை. சன்னல் வழியே கீழே இருந்த குளத்தையும் ஆலமரத்தையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது அப்படித்தான். கீழ்த்தளத்தின் இருட்டறைகளில் பெரிய பெரிய மண்தாழிகள் இருந்தன. குழாய்த் தண்ணீர் வராத காலம் அது. தை, மாசியில் கங்கை தெளிவாக இருக்கும் நாட்களில் காவடியில் தண்ணீர் கொண்டுவந்து ஆண்டு முழுக்கக் குடிக்க நிரப்பிவைத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த அறைகள் என்றால் பேய் பயம். இதையெல்லாம் அவரே தன் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். குளமும் ஆலமரமும் இன்று இல்லை. அவர் எழுத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்குத்தான் காலி அறைகள் நிரம்பும், மற்றவர்களுக்கு அவை காலிதான்.

1883 டிசம்பர் 9ஆம் தேதி ரவீந்திரநாத்தின் திருமணமும் இந்த வீட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் வழக்கம் மாறி, பெண் வீட்டார் இங்கே வந்தார்கள். மணப்பெண்ணின் அப்பா தாகூர் ஜமீனில் வேலை பார்த்தவர். பவதாரிணி என்ற பத்து வயதுகூட நிரம்பாத பெண், மிருணாளினி ஆனார். நான்கு மாதம் கழித்து, 1884 ஏப்ரலில், அண்ணி காதம்பரி தேவி தற்கொலை செய்துகொண்டார். ரவீந்திரநாத்தின் சின்ன வயதுத் தோழி, முதல் வாசகி, மாடியில் தோட்டம் போட்டவர். குடும்பம் விஷயத்தை மூடி மறைத்தது. இந்த நூற்றாண்டில் அவரைப் பற்றி ஊகங்கள்தான் அதிகம் விற்கின்றன. அருங்காட்சியகம் அதில் இறங்காமல் அடக்கமாக இருப்பது எனக்குச் சரி என்றே படுகிறது. மிருணாளினி 1902இல் 28 வயதில் இதே வீட்டில் இறந்தார். அவர் பயன்படுத்திய சமையலறையும் அடுப்பும் காட்சியில் இருக்கின்றன. வீட்டில் மனிதர்கள் புழங்கினார்கள் என்பதை உணர்த்தும் அறை எது என்று கேட்டால் அந்தச் சமையலறையைத்தான் சொல்வேன்.

வாசலைத் தாண்டிப் போனவை

1905 அக்டோபர் 16, வங்காளப் பிரிவினை அமலுக்கு வந்த நாள். ரவீந்திரநாத் இந்த வாசலிலிருந்து கங்கைக்கு நடந்தே போனார். வழியில் கண்டவர்கள் கையிலெல்லாம் ராக்கி கட்டினார். குதிரை லாயத்து முஸ்லிம் தொழிலாளர்களுக்குக் கட்டினார், சித்பூர் மசூதிக்குள் போய் மௌல்விகளுக்கும் கட்டினார். கூடப் போன அவனீந்திரநாத் (சித்தப்பா கிரீந்திரநாத்தின் பேரன்), சண்டை வந்துவிடுமோ என்று தான் நடுங்கியதைப் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப்பின் 1919 மே மாத இறுதியில் சர் பட்டம் வேண்டாம் என்று வைஸ்ராய்க்கு எழுதிய கடிதமும் இந்த வீட்டில் ஓர் இரவு விழித்து எழுதியது. 1897இல் அவர் கட்டிய விசித்ரா கட்டடத்தில் 1917 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அவருடைய ‘அஞ்சலகம்’ நாடகம் நடந்தபோது, மாநாட்டுத் தலைவர் அன்னி பெசன்டும் காந்தியும் பார்வையாளர்களாக இருந்தார்கள்.

1941

கூட்டம் நின்று பார்ப்பது ஒரு அறையை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரவீந்திரநாத் கடைசிக் காலத்தைச் சாந்திநிகேதனில் கழிக்க விரும்பினார். சிறுநீர் அடைப்பு முற்றியது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்பது அவர் எண்ணம். மருத்துவர்கள், அவர்களில் பிதான் சந்திர ராயும் ஒருவர், செய்தே ஆக வேண்டும் என்றார்கள். ஜூலை 25ஆம் தேதி ரயிலில் சலூன் பெட்டி வைத்துக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். மாடி அறைக்கு வெளியே இருக்கும் வராந்தாவையே சுத்தம் செய்து, மறைத்து, அறுவை அரங்காக மாற்றினார்கள். ஜூலை 30 காலை அவர் சொல்லச் சொல்ல ராணி சந்தா எழுதிக்கொண்டதுதான் கடைசிக் கவிதை. திருத்த வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். சிகிச்சையை லலித் மோகன் பானர்ஜி செய்தார். அதன்பின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஆகஸ்ட் 7, நண்பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு உயிர் பிரிந்தது. வயது 80.

பிறகு நடந்ததைப் பலகைகள் சொல்வதில்லை. கூட்டம் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஊர்வலத்தில் நினைவுப் பொருளாக அவர் தாடி முடியைப் பிடுங்கினார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மகன் ரதீந்திரநாத்தால் நெரிசலைக் கடந்து நீம்தலா சுடுகாட்டுக்குப் போய்ச் சேரவே முடியவில்லை. உறவினர் ஒருவர் கொள்ளி வைத்தார். இன்று வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்திப் பார்க்கும் அதே அறையில் அன்றைக்கு இருந்த நிலைமை வேறு. அந்தப் பகுதியைச் சொல்வதால் அறையின் மரியாதை குறைந்துவிடாது.

பாதி வீடு

அவர் இறந்த அதே காலத்தில் பக்கத்து 5ஆம் எண் வீடும் முடிவுக்கு வந்தது. துவாரகாநாத்தின் பைட்டக்கானா அது. யோகமாயாவின் பேரப்பிள்ளைகள் காலம் வரை குடும்பத்தின் கையில் இருந்தது. அவனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் அதன் தெற்கு வராந்தாவில் உட்கார்ந்து வரைந்தார்கள், வங்காள ஓவியப் பாணி என்று நாம் சொல்வது வளர்ந்த இடங்களில் முக்கியமானது அந்த வராந்தா. ஜமீன் வருமானம் சுருங்கி, கடன் ஏறி, வீடு விற்பனைக்கு வந்தது. அவனீந்திரநாத் 1941இல் பராநகருக்குக் குடிபோனார். வாங்கியவர் வீட்டை இடித்தார். கவிஞரின் வீடு நாட்டின் சொத்தானது, ஓவியர்களின் வீடு செங்கல்லாகப் போனது. 6ஆம் எண் வீட்டின் கூடங்களில் அவனீந்திரநாத், ககனேந்திரநாத் ஓவியங்கள் தொங்குகின்றன. அவை வரையப்பட்ட இடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பது பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரவீந்திரநாத்தின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 1961இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 மே 8ஆம் தேதி பல்கலைக்கழகம் இங்கே தொடங்கியது. அப்போது முதலமைச்சர் அதே பிதான் சந்திர ராய். அருங்காட்சியகம் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: இசை, நடன மாணவர்களின் நடமாட்டத்தால் வீடு உறைந்துபோகவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கே உரிய சுவர் நிறைய எழுத்தும் கூடவே வந்திருக்கிறது.

ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஹங்கேரி என்று நாட்டுக்கொரு காட்சிக்கூடம் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஹங்கேரிக்குக் காரணம், 1926இல் பாலட்டன் ஏரிக்கரையில் அவர் சிகிச்சைக்குத் தங்கியது. ஜப்பான் கூடம் நன்றாக இருக்கிறது. மற்றவை அந்தந்த நாட்டுத் தூதரகத்துக்குப் பிடிக்கும். உள்கட்டுப் பெண்கள் நடமாடிய அறைகளில் வெளிநாட்டுப் பயணப் புகைப்படங்களைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். இந்த வீட்டுக்குச் சோறு போட்ட சிலைதஹா, சாசாத்பூர், பதிசர் ஜமீன்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. குடியானவர்கள் கட்டிய குத்தகைப் பணத்தில்தான் இந்த வீட்டுப் பாட்டும் படமும் நாடகமும் நடந்தன. அந்த மூன்று ஊர்களும் இப்போது வங்கதேசத்தில் இருக்கின்றன, அங்கே இருந்த தாகூர் கட்டடங்களும் அருங்காட்சியகங்களே. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜமீன் அலுவலகம், இந்தப் பக்கம் அந்தப்புரம் என்று ஒரே குடும்பத்தின் கணக்கு இரண்டு நாடுகளில் கிடக்கிறது.

போகிறவர்களுக்கு: கிரீஷ் பார்க் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. வங்காள நாள்காட்டியில் வைசாக 25, அதாவது மே 8 அல்லது 9, பிறந்தநாள். அன்று காலை முற்றத்தில் பாட்டும் ஆட்டமும் இருக்கும், அறைகளை நிதானமாகப் பார்க்க முடியாது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண வேலைநாளில் காலையில் போவது நல்லது. நேரே மாடி ஏறாமல் முதலில் முற்றத்தையும் பூஜை மண்டபத்தையும் சுற்றிவிடுங்கள். மாடியில் சமையலறை, பிறகு 1941இன் அறையும் வராந்தாவும், பிறகு ஓவியங்கள். நாட்டுக் கூடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், நேரம் போதாவிட்டால் விட்டாலும் நஷ்டமில்லை.